இறக்காத பானை

என் கணவர் ஏழு வருடம் கப்பல் குசினியில் சமையல் வேலை செய்தவர். கப்பலுக்குப் போன மாப்பிள்ளை என்றதும் எங்கள் வீட்டில் சங்கிலி, மணிக்கூடு, சென்ட் போத்தல் என்று என்னென்னவோ எதிர்பார்த்தார்கள். அவர் கொண்டுவந்தது முழங்கையில் எண்ணெய் சுட்ட தழும்பும், எதையும் மணிக்கூட்டைப் பார்த்தே சமைக்கும் பழக்கமும், பியர் காய்ச்சும் வித்தையும்தான். அந்தக் கடைசி வித்தை கலியாணம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. என் அப்பா இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய ஒழுங்கையில் இருந்தோம். அவருக்குத் துறைமுகத்துக்குள் ஒரு சாப்பாட்டுச் சாலையில் வேலை. வீட்டுச் சோறு கறியில் அவர் தலையிட மாட்டார். ஆனால் கிணற்றடிக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து அவர் மூட்டும் அடுப்பில் நான் கை வைத்தால் வீடு இரண்டாகும். ஒருமுறை பானை பொங்கி வழியப் பார்க்கிறதே என்று நேரத்துக்கு முன்னால் இறக்கிவிட்டேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அந்த முறை வந்தது பியர் இல்லை, சீனித் தண்ணீர் என்று மாதக்கணக்கில் சொல்லிக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் சொல்லாமல் அந்தப் பானையை நான் இறக்கியதில்லை. பின்னால் நடந்ததற்கு அந்த மூன்று நாள்தான் காரணம் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை.

பியருக்கு வேண்டிய தானியம் எங்கள் ஊரில் கிடைக்காது. அதற்குப் பதிலாக அவர் குரக்கனை, அதுதான் கேழ்வரகை, எடுத்துக்கொண்டார். ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி முளைக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, அரைகுறையாக இடித்து, சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் ஒரு இனிப்புத் தண்ணீர் வரும். அந்த இனிப்பை அடக்கக் கசப்பு வேண்டும். அதற்கு ஹொப்ஸ் என்று ஒரு காய்ந்த பூ இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல் சமையற்காரர் ஒருவர், இவருடைய பழைய சிநேகிதர், ஒரு பிஸ்கட் தகரப் பேணி நிறைய அதை அமுக்கிக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் அதற்குக் கப்பல்பூ என்று பெயர். இரண்டு கைப்பிடி பூ, ஒரு மணித்தியாலக் கொதி. அதற்குமேல் ஐந்து நிமிடம்கூட விடமாட்டார். பிறகு ஆறவைத்து, பேக்கரியில் வாங்கிய ஈஸ்டைப் போட்டு மூடிவைத்து, ஒன்பதாம் நாள் ருசி பார்ப்பார். நான் பார்ப்பதில்லை. அதன் மணமே எனக்கு ஆகாது.

வீட்டில் பியர் காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த யுத்த வருடங்களில் நாங்கள் பயப்பட வேண்டியவற்றின் வரிசையில் அது கடைசியில் நின்றது. ஒழுங்கை முகப்பில் மண்மூட்டை அடுக்கிய இராணுவக் காவலரண் ஒன்று இருந்தது. அதற்குப் பொறுப்பான சாஜன் ஒருநாள் வீடு சோதிக்க வந்து கட்டிலுக்குக் கீழே போத்தல்களைக் கண்டுவிட்டார். அவர் ஒரு போத்தலைத் திறந்து என் கணவரிடம் நீட்டி, "முதல்ல நீங்க" என்றார். அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அதை மட்டும் பிழையில்லாமல் சொல்வார்.

முகாம்காரருக்கு யார் எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர்தான் முதலில் வாயில் வைக்க வேண்டும் என்பது அப்போது வழக்கமாகியிருந்தது. எங்கேயோ இளநீருக்குள் நஞ்சு வைத்துக் கொடுத்ததாக ஒரு கதை உலாவியது. உண்மையோ பொய்யோ, வாழைப்பழச் சீப்புக் கொண்டுபோன கிழவரையும் ஒரு பழம் உரித்துத் தின்னச் சொல்லிவிட்டுத்தான் வாங்கினார்கள். என் கணவர் குடித்தார். சாஜன் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு மிச்சத்தைக் குடித்தார். அன்றிலிருந்து மாதம் இரண்டு போத்தல் காவலரணுக்குப் போகத் தொடங்கியது.

ஒருநாள் காலை ஆறேகாலுக்கு என் கணவர் கப்பல்பூவைப் பானையில் போட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். அதே நேரம் ஒழுங்கைக்குள் ஒலிபெருக்கி கேட்டது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லாரும் அடையாள அட்டையுடன் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள். சுற்றிவளைப்பு எங்களுக்குப் புதிதில்லை. அவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சாரும், பானையில கை வையாதையும். நான் வந்து இறக்கிறன்."

"ஒரு மணித்தியாலத்தில வந்திடுவியளோ?"

"போன முறை ஏழு மணிக்கே விட்டவங்கள்தானே."

எட்டு மணியாகியும் யாரும் வரவில்லை. ஒன்பது மணிக்கும் வரவில்லை. ஒழுங்கையில் ஒரு ஆண் குரல்கூட இல்லை. பெண்கள் வாசல் படலைகளில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு உள்ளே போனோம். பானையில் தண்ணீர் வற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாளி அள்ளி ஊற்றினேன். பத்து மணிக்கு மேல், இது கெட்டுப்போகும், இறக்கத்தான் வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிடிதுணியைக் கையில் எடுத்தும்விட்டேன்.

அப்போது முன்வீட்டுத் தையற்காரர் ஒழுங்கைக்குள் வந்தார். முஸ்லிம் ஆட்களை முதலில் விட்டிருந்தார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் நேரே வீட்டுக்குள் போனார். சற்று நேரத்தில் அவருடைய மனைவி படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை ராத்தா என்று கூப்பிடுவேன். எங்கள் கிணற்றடி மணம் பற்றி ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மருந்து காய்ச்சுகிறோம் என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, அதிலேயே நின்றவர்.

"தங்கச்சி, மனசத் தைரியமா வெச்சுக்கங்க. தலையாட்டிக்கு முன்னால போன இடத்தில, அது இவரப் பாத்துத் தலைய ஆட்டிட்டாம்."

தலையாட்டி என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சாக்கால் தலையை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, ஜீப்பில் இருத்திவைத்த ஒரு ஆள். வரிசையில் போகிறவனைப் பார்த்து அது தலையை ஆட்டினால் அவன் வேறு பக்கம் போய் நிற்க வேண்டும். வேறு பக்கம் நின்றவர்களை லொறியில் ஏற்றுவார்கள். லொறியில் ஏறியவர்களின் வீட்டுப் பெண்கள் அதன் பிறகு முகாம் முகாமாகத் திரிவார்கள்.

ராத்தா போன பிறகு நான் பிடிதுணியைக் கீழே வைத்தேன். அவர் வந்து இறக்குவதாகச் சொன்ன பானை. நான் இறக்கினால் அவர் வரமாட்டார் என்று ஒரு எண்ணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. நான் படித்தவள்தான். காகம் கத்தினால் விருந்து வருமென்று சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவள்தான். ஆனால் அன்று என் கை அந்தப் பானையைத் தொட மறுத்தது. விறகு வைத்தேன். தண்ணீர் வற்ற வற்றக் கிணற்றில் அள்ளி ஊற்றினேன். ஆறு வாளி ஊற்றினேன் என்று நினைவு. வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

நாலேகாலுக்குப் படலைச் சத்தம் கேட்டது. அவருடைய செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். எழுந்து பானையை இறக்கிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் கிணற்றுத் திண்டில் போய் உட்கார்ந்தார். தேத்தண்ணி ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஏழு பேரை ஒதுக்கி வைத்தார்கள். லொறி வந்தது. அப்போது எங்கள் சாஜன் அந்தப் பக்கமாக வந்து இவரைக் கண்டு, பெரிய அதிகாரியிடம் போய் ஏதோ பேசியிருக்கிறார். இது என்னுடைய ஆள், எனக்குத் தெரியும் என்று பொறுப்பெடுத்திருக்கிறார். மற்ற ஆறு பேரும் லொறியில் ஏறினார்கள். இவரை விட்டார்கள்.

"மூண்டு கிழமையில ஊருக்கு லீவில போறாராம். பன்னிரண்டு போத்தல் வேணுமாம். நல்லதாக் காய்ச்சிக் கொண்டுவாங்க எண்டார்."

சொல்லிவிட்டுப் பானையைப் பார்த்தார்.

"எப்ப இறக்கினீர்?"

"ஒரு மணித்தியாலத்தில இறக்கிப்போட்டன்."

"பிறகேன் இன்னும் ஆவி பறக்குது?"

"பழுதாப்போயிடும் எண்டு திருப்பிச் சூடாக்கினனான்."

ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கே சரியாகத் தெரியாது. வெட்கம் ஒன்று. நான் பானையை இறக்காததால் நீங்கள் உயிரோடு வந்தீர்கள் என்று கப்பலில் போன மனிதரிடம் எப்படிச் சொல்வது? பழைய மூன்று நாள் முகமும் நினைவில் இருந்தது. அவரும் மேலே கேட்கவில்லை. பானையை ஆறவைத்து, வடித்து, ஈஸ்ட் போட்டு மூடினார்.

ஒன்பதாம் நாள் ஒரு கிளாசில் வார்த்து வாயில் வைத்தார். உடனே கிணற்றடிக்குப் போய்த் துப்பினார். நானும் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். வேப்பெண்ணெய் தோற்றுவிடும்.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தால் என்ன நினைப்பார்?" என்றார். பதில் இருவருக்கும் தெரிந்ததுதான். சாஜனுக்கு எங்கள் பியரின் ருசி தெரியும். லொறியில் ஏற இருந்த ஒரு தமிழன், மீட்டுவிட்டவருக்கு மூன்று வாரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் போத்தல் இப்படிக் கசந்தால் நஞ்சோ என்று அவர் யோசிக்கமாட்டாரா? இல்லை, கொடுக்காமல் விட்டால் அதை என்னவென்று எடுப்பார்? பொறுப்பெடுத்தவர் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டால் இவருக்கு வேறு ஆள் இல்லை. கையில் இருந்த முளைக் குரக்கனிலும் பாதிதான் மிச்சம். புதிதாக முளைக்கவைத்துக் காயவைக்க நாளும் இல்லை. அந்தப் பாதியையும் கெடுத்துவிட்டால் கதை முடிந்தது.

அன்று மாலையே பியர்க் கணக்கு எழுதும் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கே பிழை என்று கண்டுபிடிக்காமல் மிச்சக் குரக்கனில் கை வைக்கமாட்டேன் என்றார். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்றார். உமியைக் கொதிநீரில் கழுவினால் துவர்க்கும், நாக்கின் ஓரம் இழுக்கும். இது அப்படியில்லை, தொண்டையில் போய் நிற்கிறது. கொப்பியில் உமி என்று எழுதியதை வெட்டினார். ஈஸ்ட் மண்டி கலந்துவிட்டதோ என்று ஒரு நாள் முழுக்கத் தெளியவிட்டுப் பார்த்தார். தெளிந்ததும் கசந்தது. மண்டியை வெட்டினார். இனிப்பு முழுவதும் புளித்துப்போய்க் கசப்பு தனியே நிற்கிறதோ என்று ஒரு கிளாசில் சீனி போட்டார். இனிப்பும் கசப்பும் தனித்தனியாக நின்றன. பூவைக் கூடப் போட்டேனோ என்று பேணியைத் திறந்து கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் பார்த்தார். காயவைத்த குரக்கனில் பூஞ்சணம் பிடித்துவிட்டதோ என்று மென்று பார்த்தார். எல்லாவற்றையும் எழுதி, எழுதியதை வெட்டினார்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் அவர் திரும்பக் கேட்கவில்லை. கொதித்த நேரம் ஒரு மணித்தியாலம் என்று கொப்பியில் முதல் வரியாக எழுதியிருந்தார். அதன்மேல் கோடு விழவில்லை. நான் சொன்னதை அவர் அப்படி நம்பினார். நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாளாக ஆகச் சொல்வது இன்னும் கடினமானது.

பன்னிரண்டாம் நாள் காலையில் சைக்கிளின் பின்னால் இரண்டு தண்ணிக் கானைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தண்ணிதான் பிழை. எங்கட கிணறு இந்த வெயிலுக்கு உவர் ஏறிப்போச்சு. உவர்த் தண்ணி கசப்பைத் தூக்கிக் காட்டும். நிலாவெளி றோட்டில ஆக்கள் விட்டுட்டுப் போன வளவு ஒண்டு இருக்கு, நல்ல தண்ணிக் கிணறு. ரெண்டு கான் போதும்."

அந்த வளவு எனக்குத் தெரியும். அங்கே போக இரண்டு காவலரண் தாண்டவேண்டும். வளவுக்குள் என்ன புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் தேங்காய் பொறுக்கப் போன மாடு ஒன்று அங்கே மிதிவெடியில் சிதறியது என்று கதைத்தார்கள். மாடு தேங்காய் பொறுக்குமா என்று அப்போது நான் கேட்டுச் சிரித்திருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதையுங்கோ. தண்ணியில பிழையில்லை. நான் இறக்கேல்லை."

"எதை?"

"பானையை. நீங்கள் வந்து இறக்கிறன் எண்டனியள். நீங்கள் வரும்வரைக்கும் அது அடுப்பில தான் இருந்தது. தண்ணி வத்த வத்த ஆறு வாளி ஊத்தினனான். இறக்கினால் நீங்கள் வரமாட்டியள் எண்டு..."

அழுதுவிட்டேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். கத்துவார் என்று நினைத்தேன். மணிக்கூட்டைப் பார்க்கிறவர்போல வெறுங் கையைத் திருப்பிப் பார்த்தார். ஆறேகால், நாலேகால் என்று முணுமுணுத்தார்.

"பத்து மணித்தியாலம்," என்றார். "பத்து மணித்தியாலம், ஆறு வாளி உவர்த் தண்ணி. மூண்டு நாளா நான் குரக்கனை மென்று பார்க்கிறன், விசரன் மாதிரி!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நின்றதும் கோபம் வந்தது. அதுவும் நியாயமான கோபம். "அண்டைக்கே சொல்லியிருந்தால் இந்த மூண்டு நாள் மிச்சம். இண்டைக்கு நான் அந்த வளவுக்குள்ள கால் வைச்சிருப்பன்" என்றார். பிறகு உள்ளே போய்க் கொப்பியில் முதல் வரியை வெட்டி, பத்து என்று எழுதினார். ஆனால் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மீனின் நடுத்துண்டை எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

பிழை தெரிந்ததும் வழி தெரிந்துவிட்டது. மிச்சக் குரக்கனில், எங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே, சீனி கூட்டி, பூவே போடாமல் ஒரு பானை காய்ச்சினார். பத்து நிமிடம் கொதித்தது. பிடிதுணியை என்னிடம் தந்து, இப்போது இறக்கும் என்றார். ஐந்து நாளில் அது புளித்தது. ஐந்து போத்தல் கசப்புக்கு எட்டுப் போத்தல் புதியது என்று கலந்தார். பதின்மூன்று போத்தலையும் மூடி அடித்து, வெடித்தாலும் சத்தம் வெளியே போகாதபடி ஈரச் சாக்கால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். அவசரத்தில் அடைத்த பியர் வெடிக்கும். அந்த ஒழுங்கையில் ஒரு போத்தல் வெடித்தால் காவலரணில் இருந்து என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த நாள் பின்னேரம் சாக்குக்குள் ஒன்று பொத்தென்று வெடித்தது. இருவரும் நின்ற இடத்திலேயே நின்றோம். ஒழுங்கையில் ஒரு விசில் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. மிச்சம் சரியாகப் பன்னிரண்டு.

கலக்காத கசப்பு பியரை வாழையடியில் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார், ஒரே ஒரு போத்தலைத் தவிர. அதை நன்றாக மூடி அடித்து, அலுமாரிக்கு அடியில் வைத்தார். "கசப்பு நாள் போகப் போக இறங்கும். எவ்வளவு இறங்குது எண்டு பாக்கோணும்" என்றார். கொப்பியில் எழுதினார்: கலக்காதது, ஒன்று. கொதி பத்து மணித்தியாலம். ஆறு மாதத்தில் கசப்பு இறங்கியதா? அதற்கு எதிரே இடம் விட்டார்.

இருபதாம் நாள் இருவருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காவலரணுக்குப் போனோம். பெண்ணும் வந்தால் சந்தேகம் குறைவு என்று நான்தான் பிடிவாதமாகப் போனேன். சாஜன் ஒரு போத்தலைத் திறந்து எனாமல் கோப்பையில் ஊற்றினார். என் கணவர் கையை நீட்டினார். சாஜன் அவரைக் கடந்து என்னிடம் நீட்டினார்.

"முதல்ல நீங்க."

என் வாழ்க்கையில் நான் குடித்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுக் கோப்பையும் குடித்தேன். கடைசியில் தொண்டையில் கசப்பு வந்தது. அது எதன் கசப்பு என்று அங்கே நின்ற இருவருக்கு மட்டும்தான் தெரியும். முகம் சுழித்தால் எல்லாம் போச்சு. சாஜன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல எனக்கு ஏலாது. பிறகு தானும் ஊற்றிக் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"நல்லம். கொஞ்சம் கசப்பு. பியர் கசப்பு வேணும்" என்றார். "பயம் வேண்டாம். நான் இருக்கு."

வீட்டுக்கு வந்து அழுதேன், பிறகு இருவரும் சிரித்தோம். தலை சுற்றியதால் நான் பின்னேரம்வரை படுத்திருந்தேன். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் நிம்மதியாக இருந்த கடைசி நாள் என்று அதைத்தான் சொல்வேன்.

சாஜன் லீவு முடிந்து அந்தக் காவலரணுக்குத் திரும்பவில்லை. வேறு ஊருக்கு மாற்றம் என்றார்கள். புதிதாக வந்தவர்களுக்கு எங்களைத் தெரியாது. என் கணவர் இரண்டு போத்தல் கொண்டுபோனார். அதை அங்கேயே மண்ணில் ஊற்றச் சொன்னார்கள். அவர் வெறும் போத்தலோடு வந்து அதைக் கழுவி வைத்தார்.

சாஜன் போன ஐந்தாம் மாதம் மறுபடி ஒலிபெருக்கி கேட்டது. அன்று நான் விடியவே சமையலை முடித்திருந்தேன். கிணற்றடி அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. அவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அந்த அடுப்பைப் பார்த்தார்.

"இந்த முறை கை வையாதையும் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை," என்றார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

அவர் படலையைத் தாண்டியதும் பெரிய பானையைக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிறைத்து அடுப்பில் வைத்தேன். வேறு ஒன்றும் போடவில்லை. வற்ற வற்ற ஊற்றினேன். பத்து மணித்தியாலம் போனது. ஒழுங்கை ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தையற்காரர் இந்த முறையும் என்னைப் பார்க்காமல் போனார். இருட்டுப்படும் நேரம் ராத்தா வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெறும் தண்ணியையா காய்ச்சுறீங்க தங்கச்சி?"

"ஓம்."

அவர் தன் வீட்டில் இருந்து ஒரு கட்டு விறகு கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் பானையின் அடி ஓட்டையாகித் தண்ணீர் ஒழுகி அடுப்பு அணைந்தது. பிறகுதான் தையற்காரர் சொன்னார், தலையாட்டி இந்த முறையும் இவரைப் பார்த்து ஆட்டியதாம். இவர் பழைய சாஜனின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அது யார் என்று கேட்டார்களாம். முகாம்களில் என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள், உன் புருஷன் யார் என்று. அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்றார்கள்.

அலுமாரிக்கு அடியில் இருந்த போத்தலை ஆறு மாதத்தில் நான் திறக்கவில்லை. அவர் வந்து திறக்க வேண்டியது அது. ஊரை விட்டு ஓடினபோதெல்லாம் அதையும் கொப்பியையும் ஒரு பழைய சேலையில் சுற்றிக் கொண்டுபோனேன். சோதனைச்சாவடி ஒன்றில் இது என்ன என்று கேட்டார்கள். மருந்து என்றேன். குடித்துக்காட்டு என்று சொல்லிவிடுவார்களோ என்று நடுங்கினேன். சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு அலுவலகத்தில் எனக்கு ஒரு பத்திரம் தந்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று நான் கையெழுத்து வைத்தால் சான்றிதழ் கிடைக்கும். "எத்தனை வருஷமாச்சு அம்மா, இனியும் ஏன்?" என்றான் மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை. நல்ல பிள்ளைதான். அவனை ஏசிவிட்டு, பத்திரத்தை மடித்துக்கொண்டு வந்தேன்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து போத்தலை எடுத்துத் திறந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. நுரை இல்லை. கிளாசில் வார்த்துக் குடித்தேன். பழைய குரக்கன் மணம் இருந்தது, கொஞ்சம் புளிப்பு இருந்தது. இன்னொரு கிளாஸ் வார்த்து, தொண்டைவரை இறக்கி, காத்திருந்து பார்த்தேன். கசக்கவேயில்லை. என் பத்து மணித்தியாலம் அதில் எங்கேயும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளாசைச் சுவரில் எறிந்திருப்பேன். இறங்கும் என்று அவர் சொன்னார், இறங்கிவிட்டது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய ஒரே ஆளிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

கொப்பியை எடுத்தேன். ஆறு மாதத்தில் கசப்பு இறங்கியதா என்ற அவருடைய கையெழுத்துக்கு எதிரே, அவர் விட்ட இடத்தில், ஓம் என்று எழுதினேன். அலுவலகப் பத்திரம் அதே கொப்பிக்குள்தான் இருக்கிறது. அதில் நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.